வெளியே தெரியாத காது மெஷின், வெளியே தெரிகிற காது மெஷின்: இரண்டையும் ஆபீஸுக்குப் போட்டுப் போன அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடை பெயரும் கம்பெனி பெயரும் இதில் வராது. காது மெஷின் செய்கிற பெரிய கம்பெனிகள் எல்லாமே ஏறக்குறைய இதே வடிவங்களில்தான் செய்கின்றன. எனக்கு வருத்தம் பிராண்டு மேல் இல்லை, வடிவத்தின் மேலும் அதை எனக்கு விற்ற விதத்தின் மேலும், கொஞ்சம் என் மேலும்தான். இரண்டு வருடம் காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் சின்ன மெஷினைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். அதற்கப்புறம் காதுக்குப் பின்னால் மாட்டுகிற, பார்த்தாலே தெரிகிற மெஷின். புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் யாராவது வெளியே தெரியாததையே வாங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என் காதுக் கணக்கு இது: வலது காதில் 62 டெசிபல் இழப்பு, இடது காதில் 65 (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு, ஏறக்குறைய அதற்குக் கீழே இருக்கிற சத்தம் எனக்குக் கேட்காது). எதிரே உட்கார்ந்திருப்பவர் சாதாரணமாகப் பேசும் சத்தமே ஏறக்குறைய 60 டெசிபல்தான் என்பதால், மெஷின் இல்லாவிட்டால் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அதிலும் ஸ, ஃப மாதிரி மெல்லிய சத்தங்கள் முதலில் காணாமல் போகும். 2016-ஆம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தவர், 70-க்கு மேல் போனால் காது கேளாதவர் என்று வைத்திருக்கிறார்கள். நான் சரியாக வரப்பு மேல் நிற்கிறவள். என்னிடம் மஞ்சள் கோடு போட்ட அடையாள அட்டை இருக்கிறது, ஊனம் 40 சதவீதம் முதல் 80-க்குள் இருப்பவர்களுக்குத் தருவது. இரண்டு வருடம் அந்த அட்டை பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது.

2021 ஜூலையில் கிண்டியில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது, கப்பலில் போகும் சரக்குக்கு பில் போடுகிற வேலை. இன்டர்வியூ வீடியோவில் நடந்ததால் லேப்டாப் சத்தத்தை முழுசாக வைத்து ஹெட்போன் மாட்டிச் சமாளித்துவிட்டேன். காலேஜில் போட்டிருந்த பழைய மெஷின் அப்போது செத்துப்போயிருந்தது. புதிது வாங்கப் போனபோது அம்மா கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி, "வெளிய தெரியாதது இருக்காங்க?" கல்யாணம் ஆகிற வரைக்கும் தெரியவேண்டாம் என்பது அவருடைய கணக்கு, வேலை நிரந்தரம் ஆகிற வரைக்கும் தெரியவேண்டாம் என்பது என்னுடையது. கடையில் இருந்தவர் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒன்றை எடுத்துக் காட்டி, "நாகரிகமா இருக்கும்மா, பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்குக்கூடத் தெரியாது" என்றார். ஜோடி 1,10,000 ரூபாய், அப்பாவின் சீட்டுப் பணம். 62 டெசிபலுக்கு இவ்வளவு சின்ன மெஷின் தாங்குமா என்று யாரும் பேசவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சின்ன மெஷினின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது முகக்கவசக் காலம், காதில் மாட்டும் எலாஸ்டிக்கில் சிக்காமல் இருந்தது இது ஒன்றுதான். காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டுகிற எனக்குத் தெரிந்த ஒருவர் முகக்கவசத்தைக் கழற்றும்போது மெஷினையும் சேர்த்துக் கழற்றி பஸ்ஸிலேயே தொலைத்தார். ஹெல்மெட் போடலாம். போனை மற்றவர்கள் மாதிரி காதில் வைத்தே பேசலாம். மைக் காதுக்குள் இருப்பதால் காற்று இரைச்சல் குறைவு. அமைதியான அறையில் ஒரே ஒருவரோடு பேசுவதாக இருந்தால் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எந்த ஆபீஸ் அமைதியான அறையாக இருக்கிறது? பின்னால் மாட்டும் மெஷினில் முன்னும் பின்னுமாக இரண்டு மைக் இருக்கும், எதிரே பேசுகிறவரின் சத்தத்தைத் தூக்கி முதுகுப்பக்கச் சத்தத்தை அமுக்குவது அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியால்தான். சுண்டுவிரல் நுனியில் அந்த இடைவெளிக்கு ஏது இடம், என்னுடையதில் இருந்தது ஒரே மைக். அதனால் ஏசி, பிரிண்டர், பின்சீட்டில் பிரியாணி ஆர்டர் பற்றி நடக்கும் விவாதம், எதிரே டீம் லீட் சொல்லும் கணக்கு, எல்லாம் ஒரே அளவில் காதில் கொட்டும். புளூடூத்தும் கிடையாது. மீட்டிங் சத்தம் ஸ்பீக்கர் வழியாக வந்து, காற்றில் கலந்து, அப்புறம்தான் என் மெஷினுக்குள் போகும்.

பேட்டரி இன்னொரு கதை. 10-ஆம் நம்பர், மஞ்சள் தாள் ஒட்டியது, காது மெஷினுக்கு வழக்கமாகப் போடும் பேட்டரிகளில் இதுதான் சின்னது. எனக்கு நாலு நாள் வந்தால் அதிர்ஷ்டம். தீரப்போகும்போது காதுக்குள் டிங் டிங் என்று மணி அடிக்கும், அடித்த கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விடும், அது எப்போதும் மீட்டிங் நடுவில்தான் நடக்கும். எழுந்து ரெஸ்ட்ரூம் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டு, பொட்டு அளவு பேட்டரியை நகத்தால் நெம்பி மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார வேண்டும். "இந்தப் பொண்ணுக்கு என்ன, அடிக்கடி எந்திரிச்சுப் போகுது" என்று ஒரு பேச்சு ஓடியது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. சென்னை வியர்வையும் காதுக் குறும்பியும் சேர்ந்து சத்தம் வரும் துளையை அடைத்துவிடும், இரண்டு வருடத்தில் மூன்று தடவை சர்வீஸுக்குக் கொடுத்தேன். கொடுத்த நாட்களில் எல்லாம் எனக்குக் காய்ச்சல் என்று ஆபீஸில் பெயர்.

விசில்தான் பெரிய தொல்லை. என் மாதிரி இழப்புக்குச் சத்தத்தை நிறைய ஏற்ற வேண்டும், மைக்கும் ஸ்பீக்கரும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் வெளியே கசிகிற சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் கீய்ங் என்று கத்தும். கன்னத்தில் கை வைத்தால் கத்தும், சிரித்தால்கூடச் சில நேரம் கத்தும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது என்று விற்கப்பட்ட சாமான், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி விசில் அடித்தது!

மறைப்பதற்கு ஆன செலவை யாரும் பில்லில் போடுவதில்லை. தினமும் பத்து நிமிடம் முன்னால் போய் மீட்டிங் அறையில் சுவரை ஒட்டின நாற்காலியைப் பிடிப்பேன், எல்லோருடைய வாயும் தெரிய வேண்டுமே. முகக்கவசம் போட்டிருந்த மாதங்களில் அதுவும் பிரயோஜனம் இல்லை. ஜோக்குக்கு அரை நொடி பிந்திச் சிரிப்பேன். முடியை ஒரு நாளும் தூக்கிக் கட்டியதில்லை, மே மாதத்தில்கூட. பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாததால் "திமிர் பிடிச்சவ" என்று பெயர் வாங்கியாயிற்று, முதல் வருட அப்ரைசலில் அதையே இங்கிலீஷில் நாகரிகமாக, கவனம் போதவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வரியில்கூட விட்டேன். பழைய வரி முறையில் அப்போதைய 80யூ பிரிவில் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு, 20 சதவீத வரி கட்டும் பகுதியில் வருமானம் இருந்தால் 15,000 ரூபாய் மிச்சம். சான்றிதழை அக்கவுண்ட்ஸில் கொடுத்தால் விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிடும் என்று கொடுக்கவே இல்லை. ஆபீஸில் காட்டாமல் ரிட்டர்ன் போடும்போது நாமே அதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை, இப்போது உங்களுக்கு நான் சொல்கிறேன்.

2023 தொடக்கத்தில் ஒரு பில்லில் ஃபிஃப்டீன் தவுசண்ட் கழிக்கச் சொன்னதை நான் ஃபிஃப்டி தவுசண்ட் என்று கேட்டு அப்படியே கழித்துவிட்டேன். அதிகமாகக் கழித்தால் எந்தக் கஸ்டமர் வாய் திறப்பார், மாதக் கடைசியில் எங்கள் கணக்கில்தான் இடித்தது. டீம் லீட் திட்டவில்லை, "என்னம்மா, தூக்கத்துல வேலை பாக்குறியா" என்றார், அதற்கு நானும் ஆமாம் சார், ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னேன். காது கேட்கவில்லை என்று சொல்வதைவிடத் தூங்குமூஞ்சி என்று பெயர் எடுப்பது எனக்கு அப்போது சுலபமாக இருந்திருக்கிறது, இதை இப்போது எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. அடுத்த வாரம் யாரோ ஒருத்திக்குப் பிறந்தநாள். கேக் வெட்டிக் கட்டிப்பிடித்தாள், என் இரண்டு காதும் ஒரே நேரத்தில் கத்தியது. "யாரு போன் விசிலடிக்குது?" என்று பத்துப் பேர் தேடினார்கள், நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் டீ குடிக்கும்போது டீம் லீடிடம் சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "சார், எனக்குக் காது சரியாக் கேக்காது, மெஷின் போட்டிருக்கேன், அந்த அம்பதாயிரம் அதனாலதான்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துவிட்டு, "அட, முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் முன்னாடியே என்றால் எப்போது? இன்டர்வியூவில் சொல்லியிருந்தால் எடுத்திருப்பீர்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை.

சொன்ன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொன்னவுடன் பூ மாரி பெய்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரு வாரம் எல்லோரும் என்னிடம் கத்திக் கத்திப் பேசினார்கள் (தயவுசெய்து கத்தாதீர்கள், கத்தினால் வாய் அசைவும் கோணலாகிவிடும், முகத்தைக் காட்டிக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் போதும்). எச்.ஆரில் இருந்து கூப்பிட்டு, சான்றிதழ் இருக்கிறதா, இருந்தால் மாற்றுத்திறனாளி ஊழியர் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மீட்டிங்கில் என்ன உதவி வேண்டும் என்று கேட்கும் முன்பே, டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மேடையில் இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டார்கள். நான் கேட்ட நாற்காலி ஏப்ரலில் வந்தது, மேடை அழைப்பு மார்ச்சிலேயே வந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் உபயோகமாக இருந்தது. முன்னால் சொன்ன மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி தனியார் நிறுவனமாக இருந்தாலும் சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை வெளியிட வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் என்னென்ன வசதி செய்து கொடுப்போம் என்பதையும் அதற்குப் பொறுப்பான அதிகாரி யார் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். வெப்சைட்டிலோ எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்திலோ இருக்க வேண்டும். எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒன்று இருந்திருக்கிறது, ஊழியர் கையேட்டில் பின்பக்கம் எங்கேயோ, லீவு விதிகளுக்கும் வாகன நிறுத்த விதிகளுக்கும் நடுவில். நான் சேர்ந்த அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட கையேடு அது! சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள், அதில் ஆள் பெயரே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இனி பெரிய மெஷின். சொல்லியாயிற்று, இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று 2023 ஜூனில் வேறு ஒரு இடத்தில் போய்ப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் ஒரு பூண்டுப் பல் அளவில் உட்காரும், அதிலிருந்து மெல்லிய ஒயர் இறங்கி, ஸ்பீக்கர் மட்டும் காதுக்குள் போகும், ஆர்.ஐ.சி. என்பார்கள். தோல் நிறம், சாம்பல், கறுப்பு, நீலம் எல்லாம் இருந்தது. அம்மா கறுப்பு என்றார், முடியோடு கலந்துவிடுமாம். நான் நீலம் எடுத்தேன். இங்கே இருந்த பெண் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைப் பரிசோதிப்பவர்) என் ஆடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்ததும், "இந்த லாஸுக்கு யாருங்க அதை உங்களுக்குக் கொடுத்தது" என்றார். ஒரு வாரம் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போட்டுப் பார்க்கக் கொடுத்தார், பிடித்த பிறகுதான் பணம். முதல் கடையில் அப்படி ஒரு பேச்சே இல்லை. விலை ஜோடி 1,35,000, ஆபீஸ் ஒரு பைசா கொடுக்கவில்லை, ஈ.எம்.ஐ.

வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. இரண்டு மைக் என்பதால் எதிரே இருப்பவர் பேச்சு முன்னால் வருகிறது, பின்சீட்டுப் பிரியாணி பின்னால் போகிறது. ஸ்பீக்கரும் மைக்கும் தள்ளித் தள்ளி இருப்பதால் விசில் அபூர்வம். ராத்திரி மூன்று மணி நேரம் சார்ஜில் போட்டால் மறுநாள் முழுக்க வரும், ரெஸ்ட்ரூம் ஓட்டம் நின்றது. போன் பேச்சு புளூடூத்தில் நேராக இரண்டு காதிலும் வருகிறது, முதல் தடவை அப்பாவிடம் பேசும்போது அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. குறை இல்லாமல் இல்லை. ஹெல்மெட் கழற்றும்போது கூடவே வந்துவிடும், ஒரு தடவை சைதாப்பேட்டை சிக்னலில் தரையில் தேடியிருக்கிறேன். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காதுக்குப் பின்னால் நெரிசல். வியர்வைக்கு ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்தே ஆக வேண்டும். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், சின்னதுக்கு இரண்டு, அதுவும் ஹெல்மெட்டுக்காக.

இதோடு தனியாக வாங்கின சட்டையில் குத்தும் மைக்கைப் பற்றித்தான் எனக்கு அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. தீப்பெட்டி அளவு, 24,000 ரூபாய். பேசுகிறவர் காலரில் குத்திவிட்டால் அவர் அறையின் அந்தக் கோடியில் நின்று பேசினாலும் என் காதுக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். அதில் ஒரு ஒயர் சொருகி லேப்டாப்போடு இணைத்தால் ஆன்லைன் மீட்டிங் சத்தமும் நேராக வரும். இந்தச் சாமானின் விசேஷம் என்னவென்றால், ஒளித்துவைத்துக்கொண்டு இதை உபயோகிக்கவே முடியாது. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் முன்னால் எழுந்துபோய் ஒருவர் கையில் கொடுத்து, சார் இதைக் கொஞ்சம் மாட்டிக்கோங்க என்று கேட்க வேண்டும். முதல் பத்து நாள் கை நடுங்கியது. இப்போது டீம் லீடே உள்ளே வரும்போது, "எங்கம்மா என் தாலி?" என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்.

அதைக் கழற்ற மறப்பதும் அவர் வழக்கம். நான் பெரிய மெஷினுக்கு மாறிய புதிதில் கஸ்டமர்களோடு பேசும் போன் கால்களை எல்லாம் என்னிடமிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள், ஷிஃப்ட் மாற்றம் என்றார்கள், நம்பிவிட்டேன். ஒரு நாள் மீட்டிங் முடிந்து என் சீட்டில் பில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காதுக்குள் டீம் லீட் குரல். பேன்ட்ரியில் வேறு ஒரு மேனேஜரோடு நிற்கிறார், மைக் இன்னும் சட்டையில். "பொண்ணு வேலையில கில்லாடிப்பா. ஆனா கஸ்டமர் காலுக்கு நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். காது விஷயம், பாவம்." மெஷினை உடனே அணைத்திருக்கலாம்தான். நான் அணைக்கவில்லை, நீங்களும் அணைத்திருக்க மாட்டீர்கள்.

எழுந்து போய் அவர் முன்னால் கையை நீட்டினேன். "சார், மைக்." கழற்றிக் கொடுத்தார். "ஆன்லதான் சார் இருந்துச்சு." அந்த மேனேஜர் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் நகர்ந்துவிட்டார். இவர் முகம் சுருங்கிப்போய், "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..." என்று இழுத்தார். கஷ்டமா இல்லையா என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே சார் என்றேன். ஒரு வாரம் பார்ப்போம், மைக்கை லேப்டாப்பில் சொருகிக்கொண்டு நான் பேசுகிறேன், நீங்கள் கூட இருந்து கேளுங்கள் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார். போன் கால்கள் திரும்ப வந்தன, எல்லாம் இல்லை. டெல்லிக் கஸ்டமர் ஒருவரை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை, அந்த ஆள் பேசுவது நன்றாகக் காது கேட்கிறவர்களுக்கே புரியாது என்பதால் நானும் கேட்கவில்லை. மைக்குக்கு ஐந்துக்கு ஐந்து. ரேஞ்சுக்குத் தனியாக ஒரு மார்க்.

காசு இல்லாதவர்களுக்கு இன்னொன்று. 2019-இல் கூகுள் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் ஆண்ட்ராய்டு போனில் இலவசம், பேசுவதை எழுத்தில் காட்டும், தமிழும் தெரியும், இரண்டு மொழி வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நாம் ஆபீஸில் பேசுவது இரண்டும் இல்லையே. "இன்வாய்ஸ் அனுப்பிட்டீங்களா" என்பதை "எங்க வாய்ஸ் அனுப்பிட்டீங்களா" என்று ஒரு நாள் எழுதியது, அதற்கும் பதில் சொல்லிவிட்டேன். பேச்சு எதைப் பற்றி என்று பிடித்துக்கொள்ள உதவும், நம்பர் விஷயத்தில் நம்பாதீர்கள், என் ஃபிஃப்டீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் ஆடியோகிராமைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், இந்த இழப்புக்கு இந்த வடிவம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று நேராகக் கேளுங்கள், போட்டுப் பார்க்க ஒரு வாரம் தராத இடத்தில் வாங்காதீர்கள். ஆபீஸில் சொல்வதா என்பது உங்கள் ஆபீஸைப் பொறுத்தது, என் டீம் லீட் மாதிரி ஆள் எல்லோருக்கும் வாய்க்க மாட்டார், சொன்னதால் புரொபேஷனிலேயே வேலை போனவர் ஒருவரையும் எனக்குத் தெரியும். ஆனால் மறைப்பதற்காக ஒரு மெஷினை வாங்குவதானால், இரண்டாவது மைக்கும் புளூடூத்தும் விட்டுப்போகிறது என்று தெரிந்தே வாங்குங்கள்.

பழைய ஜோடியை விற்க முடியாது, என் காதுக்கு அச்சு எடுத்துச் செய்தது, வேறு யாருக்கும் பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்தால் ஹெல்மெட்டுக்குள் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். பேட்டரித் தாளைக் கிளம்பும்போதுதான் உரிக்க வேண்டும், உரித்துவிட்டால் போடாவிட்டாலும் தானாகத் தீர்ந்துபோகும்.